முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெய்

"இரும்புச் சட்டை போட்டவனை வாளால வெட்டிப் பிரயோசனமில்லை, மச்சாள். கக்கத்துக்க குத்தோணும்."

சனிக்கிழமை காலை, செயின்ட்-மிஷேல் போகும் மெட்ரோவில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். மடியில் பெரிய இரும்புத் தலைக்கவசம். பக்கத்தில் இருந்தவள் பயந்ததாகத் தெரியவில்லை.

"ஏன் கக்கத்துக்க?"

"அங்கதானே இரும்பு இல்லை. வாளை நடுவில பிடிச்சு ஈட்டி மாதிரிக் குத்தோணும். ஆளை விழுத்தினால் வெற்றிதான்."

"ஐயோ, வெட்டுப்படாதோ?"

"மொட்டை வாள். இது பழங்கால வாள்சண்டை விளையாட்டுத்தானே, கிளப்பில பாத்துத்தான் தருவினம்."

"இண்டைக்கு ஆரோட சண்டை?"

"உங்கட அண்ணையோட. அதுதான் எதிரியோட ஒரே காரில வரமாட்டன் எண்டுட்டன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அண்ணை ஆறடி! எப்பிடி விழுத்துவியள்?"

"துருப்பிடிக்காமல் இருக்க, சட்டையின்ர மூட்டெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார். மாமி சொல்லிக் குடுத்தவ."

"நல்லதுதானே?"

"சண்டை வெளியில, பார்க்கில, பனிக்க. எங்கட குசினி யன்னலடியில வச்ச எண்ணெய்ப் போத்தலே கல்லாக் கிடக்கு. அவற்ர சட்டை ராத்திரி முழுக்கக் காருக்க கிடந்தது."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப முழங்கால் மடியாது! நீங்கள் சொல்லேல்லையோ?"

அந்த நேரம் தலைக்கவசத்துக்குள் கிடந்த போன் அடித்தது. "அண்ணைதான்!" என்றாள் மச்சாள். எடுத்தவளின் குரல் தேனாக மாறியது.

"ஓமப்பா... சட்டை மூட்டு இறுக்கமா இருக்கோ? அப்ப இன்னும் கொஞ்சம் எண்ணெய் பூசுங்கோ. முழங்காலுக்குத் தாராளமா."