பங்கு மண்டபத்து நடுத்தூண்

இல்லம்மா, அந்தக் கல்வெட்டப் பார்த்து எழுதாதீங்க. ஐம்பதாம் வருஷ மலருக்கு நம்ம சர்ச் மண்டபத்தோட வரலாறு வேணும்னுதானே ஃபாதர் உங்கள எங்கிட்ட அனுப்பினார்? அப்ப அத அடிச்சிடுங்க. அதுல இருக்கிற அஞ்சு பேர்ல ஒருத்தன்கூட ஒரு செங்கல்லத் தொட்டதில்ல.

கட்டினது என் தங்கச்சி வீட்டுக்காரர். கொத்தனார். ஆமா, அவர் பேர் எங்கயும் இருக்காது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்கு ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சு, கைக்குக் கை கல்லு மாத்தி, ரெண்டு வருஷத்துல ஏத்தினார் மனுஷன். சொந்த வீட்டுக் கூரை ஒழுகும், ஏறிப் பார்க்க நேரமிருக்காது. தங்கச்சி பாத்திரத்த வெச்சுக்கிட்டு திட்டுவா.

நடுவுல ஒரு மரத்தூண் இருந்துச்சு. கட்டி முடிச்ச நாலாவது வருஷம் மண்டபக் கமிட்டித் தலைவர் வீட்டுக் கல்யாணம். தூண் மறைக்குது, பொண்ணு மாப்பிள்ளை போட்டோல விழ மாட்டாங்கன்னு ஒரே அடம். மச்சான் முடியவே முடியாதுன்னுட்டார். அத எடுத்தா கூரையத் தாங்குற உத்தரம் உக்காந்துடும்னார். அவர் வெளியூர் வேலைக்குப் போன வாரமாப் பார்த்து எடுத்தாச்சு. போட்டோ நல்லாத்தான் வந்துச்சு.

ரெண்டே மாசம். பாட்டுப் பயிற்சி நடக்கும்போது கூரை இறங்கிடுச்சு. பிள்ளைங்கள வெளிய தள்ளிவிட்டுட்டு பாட்டு டீச்சர் மாட்டிக்கிட்டாங்க. சாகல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயி, பத்தொம்பது வருஷம் கட்டில்ல கெடந்தாங்க.

கமிட்டி கூடுச்சு. பிஸ்கட்ட டீயில தொட்டுத் தின்னுக்கிட்டே எழுதினானுங்க, கொத்தனார் கலவைல மண்ணு ஜாஸ்தி, அதான் சுவர் விட்டுடுச்சுன்னு. தூணப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அப்ப இருந்த ஃபாதர் பூசைல அத வாசிச்சார். மச்சான் மூணாவது பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தார். சீ. அதுக்கப்புறம் ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூட எவனும் அவரக் கூப்பிடல. அவர் செத்தப்ப, வந்தவங்க உக்கார இந்த மண்டபக் கதவத் திறந்து விடல.

அவர் ஏன் வாயத் திறக்கலயா? தூண எடுத்தது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பார். தெரியும் அவருக்கு. என் தங்கச்சி முகத்துக்காக முழுங்கிட்டார்.

என்னம்மா அப்படிப் பார்க்கிறீங்க? தலைவர் சொல்லுவார், அவரா வந்து ரம்பம் பிடிப்பார்? நான் தச்சன். ஒரு மத்தியானத்துல அறுத்து இறக்கிட்டேன். கல்யாணத்தன்னிக்கு தலைவர் என்னைத் தன் பக்கத்துலயே உக்கார வெச்சு சாப்பிடச் சொன்னார். பெரிய மனுஷன் ஆயிட்டேன்னு நெனச்சேன்.

எழுதுங்க, எழுதுங்க. மலர் வந்ததும் ஒண்ணு தங்கச்சி வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. அவளுக்கு இன்னும் தெரியாது.