தார் ஷீட்டில் நாலு ஆணி

காலை எட்டு இருபதுக்கு, பிள்ளையார்பாளையம் ஹார்டுவேர் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில் நனைந்த தார் ஷீட் துண்டு இருந்தது.

"போன மாசம்தான் மொட்டை மாடியில ஒட்டினோம்பா. அதுக்குள்ள ஒழுகுது."

கடைக்காரர் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஆணி அடிச்சீங்களாம்மா?"

"சாயம் போட்ட பட்டு நூலைக் காயவைக்க மூங்கில் கட்டணுமே. நாலே நாலுதான்."

"குடையில ஓட்டை போட்டுட்டு மழையத் திட்டுறீங்க."

"சிரிக்காதபா. தறிக்கு மேலயே சொட்டிக்கினு இருக்குது. வெள்ளிக்கிழமை கல்யாணப் புடவை தரணும். இன்னும் முந்தி நெய்யல."

"ஓட்டைய அடைச்சு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிக்கலாம். ஆனா தளம் ரெண்டு நாள் காயணும்மா. மழை விடலையே."

அந்தப் பெண் பெயிண்ட் வாங்கவில்லை. தறியை மூட பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக்கொண்டு போனார். மூடிய தறியில் நெய்ய முடியாது.