திறந்து மூடிய மாத்திரைகள்

கேப்சூலைத் திறக்கப் பலம் வேண்டாம், பழக்கம் போதும். இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருகினால் தொப்பி கழன்றுவிடும். பதினோரு வருடமாக மூலிகை மருந்துக் கம்பெனியில் காலிக் கேப்சூலுக்குள் பொடி அடைக்கிறேன். அதற்கு முன்பு செங்கல் சுமந்தேன். என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் மூன்றாவது மாடிக்குக் கல் ஏற்றினேன். எனக்கு மனச்சோர்வு வரவில்லை. வந்திருந்தாலும் அதை இறக்கிவைக்க மேஸ்திரி இடம் காட்டியிருக்க மாட்டான்.

எங்கள் கம்பெனியில் பிள்ளை பெற்றவர்களின் மனத்தெம்புக்கென்று ஒரு டப்பா உண்டு. லேபிளில் ஒரு பெண் பல் தெரியச் சிரிப்பாள். முடி கொட்டுவதற்கும் மூட்டு வலிக்கும் அதே பொடிதான், லேபிள்தான் வேறு. பக்கத்து மேசைக்காரி கேட்பாள், "ஏங்க்கா, மூட்டு வலிக்காரி தவறி இத முழுங்கிட்டா முட்டி சிரிக்குமா?" முகமூடிக்குள் நாங்கள் சிரிப்போம். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம்.

மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்ததும் அழ ஆரம்பித்தாள். குழந்தை அழுதாலும் அழுதாள், தூங்கினாலும் அழுதாள். மருமகன் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா அரை மணி நேரம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது வியாதி, மருந்தில் சரியாகும் என்று சொன்னார். சம்பளத்துக்குக் கைபிடிப்பவர்கள் நன்றாகவே பிடிப்பார்கள். வேளாவேளைக்குச் சோறு, கால் நீட்ட மெத்தை. நோய் என்று பெயரும் வைத்துவிட்டால் எவள் எழுந்திருப்பாள்?

மருமகன் வேலைக்குத் திரும்பியதும் மாத்திரை டப்பா என் கைக்கு வந்தது. அன்றே கேப்சூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, கம்பெனிப் பொடியை அடைத்தேன். இல்லாத நோய்க்கு இல்லாத மருந்து.

முதல் வாரம் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அம்மா, மருந்து கேக்குதும்மா," என்றாள். நான் நினைத்ததுதான், நோயே இல்லை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் தலை வாருவதை நிறுத்தினாள். டாக்டரம்மா வேளைக்கு ஒன்று என்பதை இரண்டாக்கினார். நானும் இரண்டாக அடைத்தேன்.

ஒரு மத்தியானம் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, எல்லாருக்கும் சரியாகுதாமே. எனக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"முழுங்கிட்டு வேலையப் பாருடி. தானா சரியாகும்."

"மருந்தே கைவிட்டுட்டா அப்புறம் என்னம்மா இருக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பழையபடி டாக்டரம்மா, பழையபடி கைபிடிப்பு. சொல்லவில்லை. அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் என் கண்ணெதிரில் முழுங்கினாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

வியாழக்கிழமை காலை குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவள் உடலை ஏரியிலிருந்து எடுத்ததாக நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். டப்பாவுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. எனக்குப் பலிக்கவில்லை, மிச்சம் பத்து இருக்கிறது, வீணாக்காமல் வேறு யாராவது அம்மாவுக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பத்தையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்களாம். வீண் அலைச்சல். அடைத்தவள் நான். மருந்தைக் கொட்டியவளும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குழந்தையை மருமகன் வீட்டாரிடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கிறதாம். அவர்கள் அது சிணுங்கியதும் ஓடிவந்து தூக்குகிற ரகம். என்னிடம் கொடுங்கள். பெண் குழந்தை. இவளையாவது அழாமல் வளர்த்துவிடுகிறேன்.