யானைச் சட்டை போட்ட வக்கீல்

இல்லக்கா, குனியாதீங்க. என் உசரத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு உங்க இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா அந்தப் பாவமும் எனக்குத்தான் வரும். பேசாம என்னைத் தூக்கித் துணி வெட்டுற மேசை மேல நிறுத்திடுங்க. கூச்சமெல்லாம் வேணாம், முப்பது வருஷமா யாராவது தூக்கிட்டேதான் இருக்காங்க. ஆங், அவ்ளோதான். இப்ப மூஞ்சியப் பாத்துப் பேசலாம்.

விசேஷத்துக்குப் போடுற பாரோங் சட்டைதான்க்கா. முழுக்கை. முன்பக்கம் பூ வேலை. அன்னாசி நார்த் துணியே இருக்கட்டும், கலப்படம் வேணாம்.

ஆமா, அந்த நடிகன் தாந்தோய்தான் நான். டிவியிலயா பாத்தீங்க? என்னவா? புத்துக்குள்ளேருந்து வர்ற குட்டிச்சாத்தானாவா? அப்ப நானேதான். பதினேழு படத்துல நான் குட்டிச்சாத்தான். மீதியில குரங்கு, பேய்க்குழந்தை, ஒரு தடவை சொத்தைப் பல்லு. சிரிக்காதீங்க, பற்பசை விளம்பரம். ஆறு மணி நேரம் அசையாம பல்லா நின்னேன். எங்கம்மா தெருவையே கூப்பிட்டு டிவி முன்னாடி உக்காரவெச்சு, அந்தா இடது பக்கம் மூணாவது பல்லு, அதான் என் மகன்னு காட்டிச்சு.

ரூஃபோவா? அவன் வீட்டுலதான் இருக்கான். கூட்டம் ஜாஸ்தி, வர முடியல. ஆமா, படத்துல எப்பவும் ஜோடியாத்தான் வருவோம். ஒருத்தன் வந்தா நாலு பேர் சிரிப்பாங்க, ரெண்டு பேரா வந்தா ஊரே சிரிக்கும்னு கண்டுபிடிச்சது அவன்தான். பத்தாங்காஸ் பக்கம் ஒரு திருவிழாவுல எருமை வேஷம் கட்டினோம். முன்னங்கால் அவன், பின்னங்கால் நான். நடிப்பெல்லாம் முன்னங்காலுக்குத்தான்டா, நீ சும்மா தள்ளிட்டு வான்னான். எனக்கு வந்துச்சே கோவம், அங்கேயே உக்காந்துட்டேன். எருமைக்கு முன்பாதி நடக்குது, பின்பாதி நகர மாட்டேங்குது. மாதா சொரூபத்தைத் தூக்கிட்டு வந்தவங்க சிரிச்ச சிரிப்புல மாதாவே ஆடிப்போச்சு. ஃபாதர் எங்களை ஒரு மாசம் கோயில் பக்கமே வராதீங்கன்னுட்டார்.

தோள் பதிமூணா? நெஜமாவா? நான் பதினாலுன்னு சொல்லிட்டுத் திரியிறேன்.

அவனுக்கு ஒரு தடவை வக்கீல் வேஷம் வந்துச்சுக்கா. விளையாட்டுக்கில்ல, நெஜமான வக்கீல். கொலைக் கேசு. ரெண்டு பக்கம் வசனம். மூணு வாரமா எங்க வீட்டு முத்தத்துல வாளியக் கவுத்துப் போட்டு என்னை நீதிபதியா உக்காரவெச்சு வாதாடினான். நான் தினமும் தூக்குத் தண்டனை குடுத்தேன், வசனம் பேசுற கொடுமைக்கு அவனுக்கே. படப்பிடிப்பு அன்னைக்கு உடுப்பு பாக்குற ஆளு கோட்டு கொண்டாந்தான் பாருங்க, கடையில குழந்தைங்க பிரிவுல வாங்கினது. பாக்கெட்டுல யானை. தும்பிக்கையில பலூன் பிடிச்சிட்டு நிக்குது. தையலைப் பிரிக்க நேரமில்ல, வெளிச்சம் போகுதுன்னு டைரக்டர் கத்துறார்.

இவன் என்ன பண்ணான்? வலது கையால யானைய மூடிக்கிட்டான். ரெண்டு பக்கத்தையும் அப்படியே பேசி முடிச்சான். கை எடுக்கல. டைரக்டர் கண்ணைத் தொடைச்சுட்டு வந்து, நெஞ்சுல கை வெச்சுக்கிட்டே என்ன உருக்கம்யான்னு கட்டிப்பிடிச்சார். பத்திரிகையிலயும் எழுதினாங்க. அடுத்த வாரம் ஆள் அனுப்பிச்சாங்க. வக்கீல் பிரமாதம், குட்டிச்சாத்தான் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் வர்றீங்களான்னு. போனோம். போகாம?

அன்னைக்கு ஜீப்னி வண்டியில திரும்பி வர்றப்ப நான் யானை யானைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். அவன் சிரிக்கல. டேய் தாந்தோய், ஒரு தடவையாவது என் உடம்பை அளந்து வெட்டின துணியப் போடணும்டான்னான். உன் உடம்புக்குக் கைக்குட்டை போதும்டான்னேன். வண்டியே சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான், கடைசியில. நான் அப்படித்தான்க்கா. எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு நினைக்கிற ஆளு. அதுக்கப்புறம் அவன் அதைப் பத்திப் பேசவே இல்ல.

என்ன? கல்யாணமா? எனக்கா? எந்தப் பொண்ணுக்கா அவ்ளோ கஷ்டத்துல இருக்கா?

இது எனக்கில்லக்கா, ரூஃபோவுக்கு. திங்கக்கிழமை போயிட்டான். சக்கரை ரொம்ப நாளா இருந்துச்சு. காப்பி கலந்து வெச்சிருந்தான், குடிக்கல. அவன் தங்கச்சி சவப்பெட்டியில அவனுக்குப் போட்டுவிடுறதுக்கு ஒரு பாரோங் வாங்கிட்டு வந்துச்சு. கல்யாணத்துல மோதிரம் எடுத்துட்டு வர்ற சின்னப் பசங்க போடுறது. அந்தப் புள்ளையைத் தப்பு சொல்ல முடியாது, வேற எங்க கிடைக்குது? நான்தான் போடாதேன்னுட்டேன். மூணு நாளா கழுத்து வரைக்கும் போர்வை போத்திப் படுத்திருக்கான். துக்கத்துக்கு வந்தவங்க ராத்திரி முழிச்சிருக்கச் சீட்டாடிட்டே, குளிருதா அவனுக்குன்னு கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை எடுக்குறோம். அவனை நாடா வெச்சு அளக்க எனக்குக் கை வரல. என் அளவுதான் அவனும். அதான் நான் வந்து நிக்கிறேன்.

ஐயோ, அழாதீங்கக்கா. கணக்கு தப்பிடும்.

சனிக்கிழமை கிடைச்சிடுமா? புண்ணியமாப் போகும். இந்தாங்க, என்ன உசரம் எழுதினீங்க? அதுல ஒரு விரக்கடை கூட்டிப் போடுங்க. அவன் என்னைவிட உசரம். முப்பது வருஷமா சொல்லிட்டே இருந்தான், நான்தான் ஒத்துக்கல.

ஆமாக்கா, உசரம்தான். எழுதிக்கோங்க.