கதவுச் செவுரு

— இரும்மணி, மொதல்ல நான் இந்தக் கதவச் சாத்திப்போட்டு வாரேன். கீழ ஆளுக நடமாடறாங்க.

— கதவுல கை வெக்காதீங்ணா. இதே ரூம்புல, சாத்துன கதவுக்குள்ளாற மூணு வருசம் இருந்துபோட்டேன். போதும்.

— மெதுவாப் பேசு பாவாத்தா. நீ செத்துப் போயிட்டீன்னுதான் இங்க எல்லாரும்...

— ஊருக்கு அப்படிச் சொன்னது நீங்கதானுங்களே. தங்கச்சி கெணத்துல உளுந்துட்டான்னு சொன்னீங்க. ஆடி அமாவாசை தவறாமப் பவானி கூடுதுறைக்கு வந்து எனக்கு எள்ளும் தண்ணியும் எறச்சீங்க. அதே பவானியிலதானுங்ணா நான் பொம்பளப் புள்ளைக பள்ளிக்கொடத்துல டிராயிங் டீச்சரா இருந்தேன். ஒரு வருசம் படித்தொறையில நின்னு நீங்க எறைக்கறதப் பாத்தேன். ஐயரு என்ற பேரச் சொல்லச் சொல்ல நீங்களும் கூடவே சொன்னீங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வல்லீங்க.

— பாத்தவ கூப்புட்டிருக்கலாமல்லோ?

— கூப்புட்டா மறுக்காவும் புடிச்சாந்து பூட்டிப்போடுவீங்க. அப்ப எனக்குப் பயமுங்ணா. இப்ப அது உட்டுப் போச்சு.

— சரி, போகுது உடு. இப்ப எதுக்கு வந்தே?

— பேப்பர்ல பாத்தேன். பீளமேட்டுப் பங்களாவுல இருக்கற கலைக்கூடத்தப் பெருசு பண்றாங்க, முன்கட்டு பத்தாம மச்சையும் சேத்துப் பளையபடி திருத்தறாங்க, பூட்டியே கெடந்த ரூம்புல சுண்ணாம்பச் சொரண்டுனா உள்ள பூராச் சித்திரம்னு போட்டிருந்துச்சு. நான் வரைஞ்ச மயிலு, நான் வரைஞ்ச வெள்ளாடு, ரெண்டும் கலர்ல. கீழ படிச்சா, அத வரைஞ்சது ட்ரஸ்டி ஈஸ்வரமூர்த்தியோட காலஞ்சென்ற மனைவி செல்லாத்தாளாம். உங்க சம்சாரம், என்ற நங்கை! நாளைக்குத் தெறக்கற கூடத்துக்கே அவங்க பேராம்.

— மெட்ராஸ்ல இருந்து வந்த டைரக்டரு, ஆரு வரைஞ்சதுன்னு கேட்டாரு. வாயில வந்ததச் சொல்லிப்போட்டேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்றே?

— நெசத்தச் சொல்றது.

— என்ன நெசம்? தாலியறுத்து ஊட்டுக்கு வந்த தங்கச்சி, மெட்ராசுக்குப் போயிப் படம் வரையப் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா, அதுக்காகப் பூட்டி வெச்சேன்னா?

— ஆமாங்ணா. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னதையும் சேத்து.

— அன்னைக்கு ஊரு அப்படியம்மணி. ஆம்பளைகளத் துணியில்லாம நிக்க வெச்சு வரையற எடத்துக்கு நம்மூட்டுக் கைம்பொண்ணு போறேன்னா, நம்ம கௌரவம் என்னாவறது? நம்மளப் பெத்த ஐயன் இருந்திருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பாரு.

— ஐயன் இருந்திருந்தா நீங்க என்னையத் தொட்டிருக்க மாட்டீங்க. எனக்குப் பென்சில் வாங்கிக் குடுத்ததே அவருதான்.

— ஆச்சு, எல்லாம் ஆறிப் போன சோறு. உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு.

— நாளைக்கு மேடையில மைக்கப் புடிச்சு, இந்தக் கதவுக்குத் தாப்பா ஏன் வெளிப்பக்கம் இருக்குதுன்னு நீங்க சொல்லோணும்.

— வெளையாடறயா?

— இங்க ரிப்பேர் வேலையெல்லாம் பாக்குதே ரம்லான்னு ஒரு புள்ள, அது காத்தால எனக்குச் சுத்திக் காட்டுச்சு. நான் ஆருன்னு அதுக்குத் தெரியாது. ‘எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உள்ள இருக்கும்மா, இதுக்கு மட்டும் வெளிய. ஐயாகிட்டக் கேட்டா, இது சாமான் போட்டு வெக்கற கிட்டங்கியா இருந்துச்சுங்கறாரு. கிட்டங்கியில யாராவது மயில் வரைவாங்களா?’ன்னு கேக்குது. நாளைக்குத் தெரியும் கண்ணுன்னேன். நீங்க சொல்லலைன்னா, கூட்டத்துல எந்திரிச்சு நின்னு நான் சொல்லுவேன்.

— பாவு, என்ற பேத்தி லோகப்பிரியாவுக்கு இப்பத்தான் நிச்சயமாயிருக்குது. சம்பந்தி ஊட்டுக்காரங்க பூரா நாளைக்கு வர்றாங்க. உன்ற கால்ல வேணாலும் உளுகறேன்.

— உளுங்க.

— என்னம்மணி இது...

— உளுகறேன்னீங்களே, உளுங்க. அந்தச் சன்னலுக்கடியில உங்க கால்ல நான் உளுந்திருக்கறேன். ‘ஒருக்கா வெளிய உடுங்ணா, கோயல் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்’னு அளுதேன். நீங்க செருப்பக்கூடக் களட்டாம நின்னீங்க.

— முட்டி மடங்காதம்மணி எனக்கு.

— மடங்கும். சன்னல் கம்பியப் புடிச்சுக்குங்க.

— ...போதுமா? உன்ற ஆசை தீந்துச்சா?

— தீரலீங்ணா. நெனச்சிட்டிருந்த அளவுக்கு இனிப்பாவும் இல்ல. எந்திரிங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டோணும். கதவுச் செவுத்துல தொங்குதே வெள்ளத்துணி, அத இழுங்க.

— எல்லாம் பாத்ததுதான் போ. பங்களாவக் கலைக்கூடத்துக்குக் குடுக்கறப்ப இந்த ரூம்பத் தொறந்து பாத்துப்போட்டுத்தான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன்.

— உள்ள வந்து பாத்தீங்களா?

— வல்ல. வாசப்படியில நின்னு பாத்தேன். உன்ற மூஞ்சியே எதுக்க வந்து நின்னாப்பல இருந்துச்சு. ஆளுகள உட்டு அடிச்சுப்போட்டேன்.

— வாசப்படியில நின்னா மூணு செவுருதானுங்ணா தெரியும். கதவிருக்கற செவுரு, உள்ள வந்து திரும்புனாத்தான் தெரியும். இத இன்னைக்குக் காத்தாலதான் சொரண்டி முடிச்சாங்க. இழுங்க துணிய.

— இது... இது நானு.

— அடையாளம் தெரியுதுங்களா?

— மீசை, கன்னத்து மரு, அப்படியே இருக்குது. செவுரு பூரா நானே சம்மணம் போட்டு உக்காந்திருக்கறேன். முன்னால எலை. எலையில... அதென்ன கண்றாவி? சோத்தக் காணோம். கை. வளையலோட ஒரு கைய அறுத்து வெச்சிருக்குது! ஏம்மணி, என்ற மேல உனக்கு இத்தன வெசமா? இத நாளைக்குச் சம்பந்தி பாத்தா நான் எங்க போயி மூஞ்சிய வெக்கறது?

— ஐயா, உள்ள வரலாமா?

— வாம்மா ரம்லா. வா.

— துணிய எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அம்மாவும் இங்கதான் இருக்கீங்களா. ஐயா, குறிப்பு எழுதறதுக்கு முன்னால ஒரு சந்தேகம். உங்க மனைவி ரெண்டு கையிலயும் வரைவாங்களா?

— ஏம்மா கேக்கறே?

— மத்த மூணு சுவத்துலயும் கோடெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. வலதுகைக்காரங்க போட்ட கோடு. இந்தக் கதவுச் சுவத்துல மட்டும் அப்படியே எதிர்ப்பக்கம் சாயுது. எனக்கென்னவோ இத வரைஞ்சது வேற ஆளுன்னு தோணுது. வீட்டுல யாராவது இடதுகைக்காரங்க இருந்தாங்களா?

— பொறகு சொல்றேன், நீ கீழ போயி வேலையப் பாரும்மா.

— யோசிச்சுச் சொல்லுங்க ஐயா, அவசரமில்ல. கீழ லைட்டு மாட்டறவங்களப் பாத்துட்டு வந்துடறேன்.

— ஏனுங்ணா, புள்ள கேட்டதுக்குப் பதிலே சொல்லாமத் தாட்டியுட்டுட்டீங்க?

— செல்லாவுக்குத்தான் ஒரட்டாங்கைப் பளக்கம்.

— விருந்தாளிக முன்னால ஒரட்டாங்கையில ரசம் ஊத்திப்போட்டாங்கன்னு, கரண்டியக் காச்சி அந்தக் கையில இளுத்தீங்களே. எலையில கெடக்கறது எந்தக் கைன்னு நல்லாப் பாருங்க.

— அவளுக்கு வரையத் தெரியாது பாவு. சத்தியமாச் சொல்றேன். வாசல்ல ஒரு கோலம் ஒழுங்கா வராது அவளுக்கு.

— நாந்தானுங்ணா சொல்லிக் குடுத்தேன். சோத்துத் தட்டுக்கடியில அடுப்புக்கரி, மஞ்சத்தூளு, துணிக்குப் போடற நீலம்னு மறைச்சு மறைச்சுக் கொண்டாந்து குடுத்தது நங்கைதான். நீங்க மில்லுக்குப் போன பொறகு வந்து பக்கத்துல உக்காந்துக்குவாங்க. கோனியம்மன் தேரன்னைக்கு ஊடே காலியாக் கெடந்தப்பத் தாப்பாளத் தொறந்து உட்டதும் அவங்கதான். ‘நீங்களும் வாங்க நங்கை’ன்னேன். ‘கைப்புள்ளைய வெச்சுட்டு எங்கம்மணி வர, நீ போ’ன்னு பஸ்சுக்கு முந்தானையில முடிஞ்சிருந்ததக் குடுத்தாங்க.

— நான் வாச்சுமேன் தொறந்து உட்டுட்டான்னு அவனையல்லோ அடிச்சுத் தொரத்துனேன்!

— அதுக்கப்பறம் இந்த ரூம்புச் சாவி ஆருகிட்ட இருந்துச்சு?

— அவகிட்டத்தான். மத்தியானமானா மேல வந்துருவா. சாமி கும்படறேன்னுவா. நானும் சரின்னு உட்டுட்டேன். பாவு, சாகற வரைக்கும் அவ என்னைய எதுத்து ஒரு பேச்சுப் பேசுனதில்ல. நான் சாப்புட்டு எந்திரிச்ச எலையிலதான் சாப்புடுவா. என்னையச் சாமியா நெனச்சவ அவ.

— எலையில இருக்கறது வளையல் போட்ட கைங்ணா. நான் தாலியறுத்தவ. எனக்கேது வளையல்?

— அப்படிச் சொல்லாதே. நீதான் வரைஞ்சே. சொல்லு, நீதான் வரைஞ்சேன்னு சொல்லு!

— இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னைக்குக் காத்தாலதான் தெரியும். பாத்ததும் அந்தப் புள்ளைக்குத் தெரியாம அந்தப்பக்கம் போயி அளுதேன். என்னைய வெளிய தாட்டியுட்டுப்போட்டு அவங்க இங்க உள்ள வந்து உக்காந்திருக்காங்க.

— பாவு, நான் சொல்றதக் கேளு. நாளைக்கு மேடையில சொல்லிப்போடறேன். தங்கச்சியப் பூட்டி வெச்சேன்னு, உசுரோட இருக்கறவளுக்கு எள்ளெறச்சேன்னு, தாப்பா வெளிய இருக்கறதையும் சேத்து எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். சம்பந்தி போனாப் போகுது, கௌரவம் போனாப் போகுது. கூடத்துக்கு உன்ற பேர வெச்சர்றேன். நாலு செவுரும் நீ வரைஞ்சதுன்னு மட்டும் சொல்லிப்போடு கண்ணு. இதையும் நீ வரைஞ்சதுன்னு.

— மூணுக்கு என்ற பேரப் போடு, போதும். கூடத்துக்கு நங்கை பேரே இருக்கட்டும். நாளைக்குச் சம்பந்தியெல்லாம் சுத்தி நிக்கறப்ப, இந்தச் செவுத்துக்கு முன்னால நின்னு உன்ற வாயாலயே சொல்லு ஈஸ்வரமூர்த்தி, ‘இத வரைஞ்சது என்ற பொண்டாட்டி’ன்னு.