ஏரியில் மிதந்த சட்டி

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஏரிக்கரையில் யாரும் துணியை ஓங்கித் துவைக்க மாட்டார்கள் ஐயா. வடக்கிலிருந்து கிளுவை வாத்துகள் வந்திறங்கும் காலம் அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இப்படி இன்னொரு ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்த ஏரிக்கு நான்தான் காவல்காரன்.

மாது என் மனைவி தீர்த்தம்மாளின் தம்பி. தாயில்லாத அவனை அவள்தான் வளர்த்தாள். மண்சட்டியில் கண்ணுக்கு இரண்டு துளை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நடப்பான். முன்பே வெறுஞ்சட்டிகளை மிதக்கவிட்டு வைத்திருப்பதால் கிளுவைகளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும். அருகில் போய்க் காலைப் பிடித்து நீருக்குள் இழுப்பான். பக்கத்துப் பறவைக்குக்கூடத் தெரியாது. என் தலையைக் கண்டாலே எழுந்து பறக்கிறவை, அவனைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பறவைகளுக்காகத்தான்.

சொல்லிப் பார்த்தேன். "அக்கா மாசமா இருக்குதுங்க மாமா. எதைத் தின்னாலும் வாந்தி. கிளுவைக் கறி கேக்குது, ரெண்டே ரெண்டு" என்றான்.

கோடையில் வயலுக்கு வண்டல் அள்ளிய குழிகள் ஏரிக்குள் ஆளை முழுங்கும் ஆழம். மழைக்கு முன் குழியோரங்களில் கம்பு நட்டு வெள்ளைத்துணி கட்டுவது என் வேலை. நீச்சல் தெரியாத மாதுவுக்குச் சட்டித் துளை வழியே வழி காட்டியவை அந்தக் கம்புகள்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம், தை மாதம். அவன் அக்கரைப் பக்கம் போயிருந்தபோது கம்புகளைப் பிடுங்கி, அவன் திரும்பி வரும் வழி குழிமேல் விழும்படி தள்ளி நட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. அவனைத் தொடக்கூட இல்லை.

திரும்பி வரும்போது சட்டி ஒருமுறை ஆடியது. "மாமா" என்று ஒரு சத்தம். பிறகு சட்டி மட்டும் மிதந்தது. கிளுவைகள் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. எனக்கு அழுகை வந்தது. நீந்திப்போய் மூழ்கி, அவன் இடுப்பில் கட்டியிருந்த இரண்டு கிளுவைகளை அவிழ்த்தேன். அப்போதுதான் தொட்டேன். அவை செத்திருந்தன. அவனை அங்கேயே விட்டுவிட்டேன்.

"மாது குடுத்தானுங்களா?" என்றாள் தீர்த்தம்மாள்.

"அவன் புடிச்சதுதான்" என்றேன். பொய் சொல்வது எனக்கு ஆகாது.

வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். தம்பிக்கென்று ஒரு கிண்ணம் மூடி வைத்தாள். விடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அந்தக் கிண்ணத்தை நான்தான் வழித்துச் சாப்பிட்டேன் ஐயா. எவ்வளவு தூரத்திலிருந்து வந்த பறவைகள், வீணாக்க மனம் வரவில்லை.