காபி தர முடியல டீச்சர்

மெதுவா பேச வேண்டாம் டீச்சர். வாசல்ல என் புருசன் ஷூவைப் பார்த்துட்டு ஆள் இருக்கான்னு நினைச்சீங்களா? சும்மா சத்தமாவே பேசுங்க. காபிதான் தர முடியல, கோவிச்சுக்காதீங்க. வந்தவங்களுக்குக் காபி குடுக்காத வீடு இந்த அந்தெப் ஊர்லயே இது ஒண்ணாத்தான் இருக்கும்.

ஏன் கிளாசுக்கு வரலைன்னுதானே கேக்க வந்தீங்க? எல்லாம் நீங்க நடத்துன பாடந்தான். எங்க அரபில முடியாதுங்கறது முன்னாடியே வந்து நிக்கும். உங்க துருக்கியில அது வினைச்சொல்லோட வயித்துக்குள்ள பூந்து ஒளிஞ்சுக்குது. கிதெமெம், போக முடியாது. கெலெமெம், வர முடியாது. ஆளுக்கொண்ணு சொல்லுங்கன்னீங்க. என் பக்கத்துல உக்கார்ற குண்டு சுமையா, பக்லவாவைப் பார்த்தா கையை அடக்க முடியாதுன்னா. நான் நீந்த முடியாதுன்னேன். சபாஷ் ரூலான்னீங்க. அட, அலெப்போல கடலா இருக்கு நீந்துறதுக்கு? வாயில வந்தது வேற. முழுங்கிட்டேன்.

வீட்ல ரொட்டி உருட்டிக்கிட்டே அதைத் துருக்கியில சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்ல இருக்க முடியாது. இந்த மனுசன்கூட வாழ முடியாது. பின்னாடியே நின்னு கேட்டிருக்கான் துன்ஜாய். புருசன்கிட்டயே படிக்கலாமேடி, நான் சொல்லித் தர்றேன்னு உருட்டுக்கட்டையைப் பிடுங்கினான். போக முடியாது, ஒரு அடி. பேச முடியாது, ஒரு அடி. திருப்பிச் சொல்லுடி நாயே, இன்னொண்ணு. விரலெல்லாம் முறுக்கு மாதிரி நொறுங்குச்சு.

ஆஸ்பத்திரியா? அதுவும் முடியாதுன்னுட்டான். இந்தக் கட்டு மேல்வீட்டு சுக்ரியே அக்கா போட்டது. நல்ல மனுசி. அவங்க மாமனார் செத்தன்னைக்கு ஷூவைத் தூக்கி வாசல்ல வச்சாங்க. போனவன் ஷூ உள்ள இருக்கக் கூடாதுடி, இல்லாதவன் யாராவது எடுத்துக்கட்டும், அதான் எங்க வழக்கம்னாங்க. உங்களுக்குத் தெரியாததா.

இன்னைக்குக் காலைல மறுபடி பாடம் எடுக்க வந்தான். வலது கைதானே போச்சு? பூண்டு இடிக்கிற பித்தளை உலக்கை இடது கைப் பக்கம் இருந்துச்சு. அவன் திருப்பிச் சொல்லுடின்னான். நான் சொல்லல.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க. போலீஸ்கிட்ட பேச எனக்கு உங்க பாஷை பத்தாது, நீங்கதான் கூட வரணும். ஷூவைத் தொடைச்சு வாசல்ல வச்சது நான்தான். அது முடிஞ்சுது. காபி டப்பா சமையக்கட்டுல இருக்கு. நடையில குறுக்க கிடக்கான் டீச்சர், தாண்டிப் போகத்தான் முடியல.